அத்தியாயம் 9: ஒரே வயரில் இரண்டு அண்ணன்

ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. அடுத்த நொடியே வெளியே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

குண்டூசி பாய்ந்துபோய் இரண்டு கையாலும் ஷட்டரைத் தட்டினான்.

“ஹலோ! யாருங்க அது? உள்ள ஆள் இருக்கோம்!”

ஆலையின் தறிகள் மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கொசு பாடின மாதிரிதான் இருக்கும்.

“அண்ணி, நம்மளப் பூட்டிட்டாங்க.”

“தெரியுது.”

“தெரிஞ்சுமா இப்படிச் சாவகாசமா ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கீங்க?”

“நின்னா திறந்துக்குமா?”

அண்ணி என்பது குண்டூசியின் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினாறு வருஷம் விபத்து விசாரணை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். குண்டூசி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, கடைக்கு ஒருவரும் வராததால் அவளிடம் வந்து சேர்ந்தவன். ஆள் மெலிவு, வாய் குத்தும். அதனால் அண்ணன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஊருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு. மூடிய அறை என்றால் அவனுக்குக் கை கால் ஆடும். லிஃப்ட்டில்கூட ஏற மாட்டான். ஆறு மாடி என்றாலும், உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே படியேறுவான்.

இந்த அறையில் ஜன்னல் இல்லை. ஏ.சி. என்ற பெயரில் சுவரில் ஒன்று தொங்கியது, ஓடவில்லை. கைப்பேசிகளை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேசைமேல் ஒரு இண்டர்காம் இருந்தது. எடுத்தால் அது ஒரே ஒரு இடத்தில்தான் அடிக்குமாம். மேனேஜர் அறையில்.

“அருமையான வசதி அண்ணி. திருடனுக்கே போன் போட்டு, திருடன் வந்திருக்கான்னு சொல்லலாம்.”

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு பத்து.

ஆறு நாளுக்கு முன்னால் இந்த ஆலையில் சரக்கு லிஃப்ட்டில் ஒரு சாவு நடந்திருந்தது. லிஃப்ட் கதவில் ஒரு தாழ் இருக்கிறது. கதவு சரியாக மூடி அந்தத் தாழ் விழுந்தால்தான் லிஃப்ட் நகரும். நேரம் மிச்சமாகட்டும் என்று யாரோ அந்தத் தாழை விழுந்த நிலையிலேயே கம்பியால் கட்டிப்போட்டிருந்தார்கள். கதவு திறந்தபடியே லிஃப்ட் கீழே போய்விட்டது. அது தெரியாமல், துணிச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், மூன்றாவது மாடியிலிருந்து வெறும் குழிக்குள் விழுந்தார்.

தாழைக் கட்டியது லிஃப்ட் மெக்கானிக்தான் என்று மேனேஜர் சொன்னார். போலீஸ் மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே வைத்தது. நாளைக் காலை கோர்ட். மெக்கானிக்கின் மனைவி நேற்று அலுவலகத்துக்கு வந்து அழுதாள். “மேனேஜர் கட்டச் சொன்னப்ப மாட்டேன்னு சண்டை போட்டதே என் வீட்டுக்காரருங்க. அவரே எப்படிக் கட்டியிருப்பாரு?”

லிஃப்ட்டுக்கு எதிரே ஒரு கேமரா இருந்தது. அதன் பதிவெல்லாம் சேரும் பழைய கம்ப்யூட்டர்தான் இப்போது இவர்கள் எதிரில் இருந்தது. அதைக் காட்ட மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“தாராளமா பாருங்கம்மா. ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும் செத்துப்போச்சு. சர்வீஸ்காரரே எழுதிக் குடுத்துட்டாரு. மூணு மணிக்குப் பழைய இரும்பு எடுக்கறவங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுவரைக்கும் உங்க பாடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கட்டம் போட்ட சட்டை, அகலமான சிரிப்பு. அவர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஷட்டர் விழுந்துவிட்டது.

“பயமா இருக்கா?” என்றாள் அண்ணி.

“எனக்கா? சேச்சே. சட்டை நனைஞ்சது வேற காரணம். உணர்ச்சிவசப்பட்டு அக்குள் அழுதிடுச்சு.”

“அப்ப கைக்கு வேலை குடு. அந்த மெஷினைப் போடு.”

குண்டூசி பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்றது.

“சர்வீஸ்காரர் சொன்னது சரிதான் போலிருக்கு.”

அண்ணி சர்வீஸ் சீட்டைக் கையில் எடுத்தாள். “விபத்துக்கு மறுநாள் எழுதினது. காலையில வாட்ச்மேன் பார்த்தப்ப திரை கறுப்பா இருந்துச்சாம். ஏன் தம்பி, உன் கடையில எத்தனை டிஸ்க் பார்த்திருப்பே?”

“வந்த நாலு பேரோடதும், பழசு வாங்கி நோண்டினதும் சேர்த்து ஒரு அறுபது.”

“ஒரே ராத்திரியில, ஒரே மெஷின்ல, ரெண்டு டிஸ்க் சேர்ந்து செத்ததைப் பார்த்திருக்கியா?”

குண்டூசி குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தான்.

“அண்ணி, ரெண்டும் சுத்துது! செத்த டிஸ்க்குன்னா டக் டக்னு தலையில அடிச்சுக்கும். இதுங்க சமத்தா சுத்துது. உயிர் இருக்கு, பேச்சுதான் இல்ல.”

“ஏன் பேச்சு இல்ல?”

“திறந்து பார்த்தாத்தான் தெரியும்.”

ஸ்க்ரூ டிரைவரையும் கேட்டில் பிடுங்கியிருந்தார்கள். வீட்டுச் சாவியின் முனையால் திருகாணிகளைக் கழற்றினான். பக்கத்துத் தகடு கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டையான வயர் ஒன்று, மடித்த ரிப்பன் மாதிரி தொங்கியது. அந்த ஒரே வயரில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு டிஸ்க்குகள்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு,” என்றாள் அண்ணி.

“இதுல ரெண்டு வயர் வருது பாருங்க. இந்தச் சின்னது கரண்டுக்கு. அது சோறு மாதிரி, தின்னுட்டுச் சுத்திக்கிட்டே இருக்கும். இந்தப் பட்டை வயர்தான் பேச்சுக்கு. பொத்தானைப் போட்டதும் கம்ப்யூட்டர் இது வழியா ஒரு குரல் குடுக்கும். அங்க யாரு இருக்கா, பேரென்ன, எவ்வளவு பெரிய ஆளுன்னு. டிஸ்க் பதில் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த பேச்சு. இத்தனாவது இடத்துல இருக்கறதைக் குடு, அத்தனாவது இடத்துல இதை எழுதிக்கோன்னு வேலை வாங்கும். பதிலே வரலைன்னா, வீட்டுல யாருமில்லன்னு போயிடும்.”

“ரெண்டு பேர் இருந்தா?”

“அதுக்குத்தான் மூத்தது இளையதுன்னு வெச்சிருக்காங்க. பின்னாடி வரிசையா ஊசி மாதிரி நீட்டிட்டிருக்கு பாருங்க. அதுல ஒரு குட்டித் தொப்பி மாட்டினா அது மூத்தது, மாஸ்டர். இந்த டிஸ்க்ல தொப்பி இல்லாட்டி இளையது, ஸ்லேவ். மேல இருக்கற லேபிள்லயே படம் போட்டிருக்கு. மூத்தவனைக் கூப்பிட்டா மூத்தவன் மட்டும் பேசுவான். இளையவன் தன் முறை வர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டான்.”

“இப்ப எப்படி இருக்கு?”

குண்டூசி கழுத்தை வளைத்து உள்ளே பார்த்தான். பார்த்தபடியே சிரித்துவிட்டான்.

“ரெண்டுமே தொப்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க! கம்ப்யூட்டர் ‘மூத்தவனே’ன்னு கூப்பிட்டா ரெண்டும் நான்தான் நான்தான்னு ஒரே நேரத்துல கத்தும். அதுக்கு ஒரு எழவும் புரியாது. அண்ணனும் அத்தானும் சேர்ந்து எனக்குப் புத்தி சொல்ற மாதிரி.”

“அப்ப இது சாவு இல்ல, சண்டை.” அண்ணி எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “ஒரு தொப்பி கறுப்பு. இன்னொண்ணு ஏன் வெள்ளையா இருக்கு?”

அதை அவன் கவனிக்கவில்லை. கறுப்புத் தொப்பியின்மேல் வருஷக்கணக்கான பஞ்சுத் தூசி படிந்திருந்தது. வெள்ளைத் தொப்பி நேற்று வாங்கினதுபோல் பளிச்சென்று இருந்தது. அதன் அடியில், ஊசிகளுக்கு நடுவே, நகக்கண் அளவுக்கு ஒரு நீல நூல் சிக்கியிருந்தது.

“விரல் நுழையாத இடம். இதை எதால பிடிச்சு மாட்டியிருப்பாங்க?” என்றாள் அண்ணி.

“முள்வாங்கி மாதிரி ஏதாவது...”

சொல்லும்போதே அவனுக்கு ஞாபகம் வந்தது. இங்கே வரும் வழியில் ஒரு கூடத்தைக் கடந்தார்கள். நீளமான மேசைகளில் நீலத் துணியை விரித்து, அதில் இருக்கும் முடிச்சுகளையும் பிசிறுகளையும் சின்ன இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், வேலையை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தாள். அவள் கழுத்தில் கயிற்றில் ஒரு இடுக்கி தொங்கியது. “என்ன முடிச்சக்கா, வேலையைப் பாரு,” என்று ஆலையில் எல்லாரும் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி மேனேஜர் அதட்டவும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேனேஜரோட கூட்டாளிதான் அண்ணி, அந்தம்மா! அவர் சொல்லி இவங்க மாட்டியிருக்காங்க.”

“அழிக்கணும்னு நினைக்கறவன் என்ன பண்ணுவான்?”

“சுத்தியலால ஒண்ணு போடுவான்.”

“சுத்தியலுக்குப் பஞ்சமா இந்த ஆலையில? யாரோ ஒரு கீறல்கூட விழாம, ஒரு அரிசி அளவு பிளாஸ்டிக்கை மட்டும் மாட்டிட்டுப் போயிருக்காங்க. எடுத்துட்டா பேசிடும். இது எனக்கு டிஸ்க்கைக் கொன்ன மாதிரி தெரியல தம்பி. வாயைப் பொத்தி ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

காற்றே இல்லை. குண்டூசியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. சுவர்கள் நாலும் ஒரு அங்குலம் நெருங்கிவிட்டது போலிருந்தது அவனுக்கு. மெஷினை நிறுத்தி, அண்ணியின் தலையிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை வாங்கி வெள்ளைத் தொப்பியை நெம்பினான். தொப்பி தெறித்து, துள்ளி, இரும்பு அலமாரிக்கு அடியில் எங்கோ ஓடி மறைந்தது.

“ஐயையோ!”

“வேணுமா அது?”

ஒரு நொடி யோசித்தான். “வேண்டாம். இளையவனுக்குத் தொப்பி இல்லாம இருக்கறதுதான் அடையாளம்.” பொத்தானை அழுத்தினான்.

விசிறி. கறுப்புத் திரை. பிறகு எழுத்துகள் வரிசையாக வந்தன. முதல் டிஸ்க்கின் பெயர், அதன் கீழே இரண்டாவது டிஸ்க்கின் பெயர். ஒன்றன்பின் ஒன்றாக, முறைப்படி.

“பேசிட்டான் அண்ணி! ரெண்டு பேரும் பேசிட்டாங்க!”

பதிவுகளைப் பார்க்கக் கடவுச்சொல் கேட்கவில்லை. அழிக்கத்தான் கேட்டது, அது முதலாளியிடம் இருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ஏழு நாள் ஆன பதிவின்மேல் புதுப் பதிவு தானாக ஏறிவிடும் என்று.

ஆறு நாளுக்கு முந்தைய காலைப் பதிவைப் போட்டார்கள். சத்தமில்லாத படம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கதவு. மெக்கானிக் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். எதிரே நிற்கிறவர் விரலை நீட்டி அவரைப் போகச் சொல்கிறார். மெக்கானிக் போனதும் அவரே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்துத் தாழைக் கட்டுகிறார். கட்டம் போட்ட சட்டை. மேனேஜர்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. துணிச் சுருளோடு ஒருவர் வந்தார். அண்ணி கையை நீட்டி அங்கேயே நிறுத்தினாள்.

“இதை நாம பார்க்க வேண்டாம். கடைசிப் பதிவுக்குப் போ.”

கடைசிப் பதிவு அன்று மாலை ஆறு பத்துக்கு. வேறொரு கேமரா, இந்த அறைக்கு வெளியே இருக்கும் நடை. கழுத்தில் இடுக்கி தொங்க முடிச்சக்கா வருகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். இந்த அறைக்குள் நுழைகிறாள். ஒன்பது நிமிஷத்தில் பதிவு அறுந்துவிட்டது.

“நான் சொல்லல? ஆள் கிடைச்சாச்சு!”

“ஆள்தான் கிடைச்சிருக்கு. ஏழு நாள் இந்த மெஷினை இப்படியே ஓட விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“தானே தன்மேல எழுதி அழிச்சிருக்கும். மேனேஜர் ஒரு விரலைக்கூட அசைச்சிருக்க வேண்டாம்...” குண்டூசியின் குரல் இறங்கியது. “இந்தம்மா அதை நிறுத்தியிருக்காங்க.”

“கேட்ல எல்லாரையும் தடவித்தான் வெளிய விடறாங்க. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துட்டுப் போக முடியாது. இருந்த இடத்துலயே ஊமையாக்கிட்டா.”

“சரி, அப்ப நம்மளப் பூட்டினது யாரு?”

அண்ணி திரையைக் காட்டினாள். “மெஷின்தான் முழிச்சாச்சே. இப்ப வெளிய என்ன நடக்குதுன்னு காட்டு.”

குண்டூசி நேரடிப் படத்துக்கு மாற்றினான். அவன் கை அப்படியே நின்றது.

நடையில், இவர்களுடைய ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் முடிச்சக்கா. மூடிய கைக்குள் எதையோ இறுக்கி வைத்திருந்தாள். எதிரே மேனேஜர், கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கைவண்டியோடு ஒரு ஆள். இன்னொரு ஆள் கடப்பாரையோடு ஓடி வந்துகொண்டிருந்தான்.

“அண்ணி... நம்மள உள்ள போட்டுப் பூட்டல. மேனேஜர் ஆளுங்கள வெளிய போட்டுப் பூட்டியிருக்காங்க இந்தம்மா!”

அண்ணி ஷட்டர் பக்கம் போய் உட்கார்ந்து மெதுவாகத் தட்டினாள். திரையில் முடிச்சக்காவின் தலை லேசாகத் திரும்புவது தெரிந்தது.

“வெள்ளைத் தொப்பியை எடுத்துட்டோம்மா,” என்றாள் அண்ணி, தகரத்தோடு வாயை ஒட்டி.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “ரெண்டும் பேசுதுங்களா?”

“பேசுது. எல்லாம் இருக்கு.”

“கம்ப்யூட்டர் தயாரிக்கற கம்பெனியில எட்டு வருஷம் வயர் சொருகினேங்க. அதை மூடின பிறகுதான் இங்க வந்தேன். இன்னைக்கே இரும்புக்குப் போடுவார்னு நினைக்கல. அதான் பூட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க. மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கோங்க.”

“மூணு மணிக்கு என்ன?”

பதிலுக்கு முன்னால் மேனேஜரின் குரல் இடித்தது. “சாவியைக் குடுடி! கூடப்பிறந்தவளாச்சேன்னு பார்க்கறேன். இல்லைன்னா இழுத்துப் போட்டுட்டு உடைப்பேன்!”

குண்டூசி அண்ணியைப் பார்த்தான். அண்ணி கண்ணை மூடித் திறந்தாள்.

“அவர் உங்க அண்ணனா?” என்று ஷட்டரிடம் கேட்டாள்.

“ஆமாங்க. அவர் வீட்டுலதான் இருக்கேன்.”

கடப்பாரை பூட்டில் மோதியது. அறையே அதிர்ந்தது. திரையில், முடிச்சக்கா நகர்ந்து வந்து பூட்டுக்கு முன்னால் தலையை வைத்துக்கொண்டாள். ஓங்கிய கடப்பாரை பாதியில் நின்றது. அதை வைத்திருந்தவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தங்கையைப் பார்த்தார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

“தள்ளுடி.”

அவள் தள்ளவில்லை.

அப்போது சங்கு ஊதியது. காதைப் பிளக்கும் நீண்ட சத்தம். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஷிஃப்ட் மாறும் நேரம். நடையின் ஒரு கோடியிலிருந்து வேலை முடிந்தவர்களும், மறு கோடியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கூட்டமாக வந்தார்கள். கைவண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. வந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்களுக்குப் பின்னால் இன்னும் வந்தார்கள்.

முடிச்சக்கா எழுந்து, புடவைத் தூசியைத் தட்டிவிட்டு, பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினாள். குப்பென்று காற்று உள்ளே வந்தது. குண்டூசிக்கு அந்தப் பஞ்சு நாற்றம் பன்னீர் மாதிரி இருந்தது.

“அந்த மானிட்டரை இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி. எல்லாருக்கும் தெரியற மாதிரி.”

வயர் எட்டவில்லை. குண்டூசி மேசையையே வாசல் வரைக்கும் இழுத்தான். படம் ஓடியது. ஸ்டூலில் ஏறியவரை முன்வரிசை பார்த்தது. பார்த்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பேச்சு நடையின் கோடி வரைக்கும் போய், பிறகு ஒட்டுமொத்தமாக அடங்கியது.

“இது ஏதோ இவங்க பண்ணின வேலை,” என்றார் மேனேஜர்.

“அதே சட்டையத்தான் சார் இப்பவும் போட்டிருக்கீங்க,” என்றார் சுமை தூக்குகிறவர் ஒருவர். யாரும் அவரைத் தொடவுமில்லை, வழிவிடவுமில்லை.

மேனேஜர் தங்கை பக்கம் திரும்பினார். “என்னைக் காட்டிக் குடுக்கத்தான் உனக்குச் சோறு போட்டேனா?”

“காட்டிக் குடுக்கணும்னா அன்னைக்கே போலீஸ்ல சொல்லியிருப்பேன் அண்ணே.” அவள் அழவில்லை. “ஏழு நாள் போனா அதுவே அழிஞ்சிடும்னு நீங்க போன்ல சொன்னதைக் கேட்டேன். அது அழியக் கூடாதுன்னு மட்டும்தான் நினைச்சேன். நீங்களே போய்ச் சொல்லிடுவீங்கன்னு ஆறு நாளா தினமும் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்துகூட சாப்பிடறப்ப கேட்டேனே, அந்த மெக்கானிக் பாவம் இல்லையான்னு. குழம்பு ஊத்துன்னு சொன்னீங்க.”

வாட்ச்மேன் தானாகவே ஓடிப்போய் கேட்டிலிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்தார், இரண்டு டிஸ்க்கையும் கழற்றி உறையில் போட்டு முத்திரை வைக்கச் சொன்னார், மேனேஜரை வண்டியில் ஏற்றினார். மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணியே போனில் சொன்னாள். மறுமுனையில் அழுகைச் சத்தம் குண்டூசி வரைக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகும் முடிச்சக்கா நடையில் நின்றுகொண்டிருந்தாள். இடுக்கியைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் செருகினாள்.

“எங்க வீட்டுக்கு வாங்க அக்கா,” என்றான் குண்டூசி. “நாலு நாள் இருந்துட்டு அப்புறம் யோசிக்கலாம்.”

“ஆமா, வாங்க. அங்க எப்படிப் போய் இருப்பீங்க?” என்றாள் அண்ணியும்.

முடிச்சக்கா தலையை ஆட்டினாள்.

“அங்க எங்க அண்ணி காலையிலேர்ந்து தனியா இருக்காங்க. சாயங்காலம் அவர் வருவார்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. அவங்களுக்கு யாராவது சொல்லணுமில்ல?”

சொல்லிவிட்டு அவள் கேட்டை நோக்கி நடந்தாள். வாசலில் தடவிப் பார்க்கிற பெண் கையை நீட்டாமல் ஒதுங்கிக்கொண்டாள். இவளோ வழக்கம்போல் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வெளியே போனாள்.